கடல் கடந்து செல்வோர் கையொப்பமிடுமுன்

விடுமுறைக் காலம் அணுகிவிட்டால் நம்மவர் இல்லங்களில் பிரயாண ஆயத்தங்கள் மும்முரமடைகின்றன. பாரிஸிலுள்ள மகன் வீட்டுக்கோ, சூரிச்சிலுள்ள மகள் வீட்டுக்கோ புறப்படும் தாய் தந்தையர் பல வாரங்களுக்கு முன்னரே அலுவலைத் தொடங்கிவிடுகின்றனர். மிளகாய்த்தூள் வறுத்து இடிக்கப்படுகின்றது. புழுக்கொடியலும் பனாட்டும் பொட்டலங்களாகின்றன. பேரப்பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கப்படுகின்றது. பெட்டியின் நிறை கூடிவிட்டதோ என்று மும்முறை நிறுத்துப் பார்க்கப்படுகின்றது. இத்துணைக் கருத்துடன் நடைபெறும் ஆயத்தங்களுள் ஒன்று மாத்திரம் கடைசியாக, ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடுகின்றது. பிரயாணக் காப்புறுதி எடுப்பதே அது.

“எம்பசியில கேக்கினமாம், தம்பி. மலிவான ஒண்டாப் பாத்துப் போட்டுவிடுங்கோ” என்று முகவரிடம் சொல்லிவிட்டு, அவர் சுட்டிக்காட்டிய இடத்திற் கையொப்பமிட்டுத் திரும்புவோரே நம்முட் பலர்.

இங்ஙனம் பெற்ற பத்திரம் வீசாவைப் பெற்றுத் தருகின்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வீசா பெற்றுத் தரும் பத்திரம், அந்நிய நாட்டு வைத்தியசாலையில் நோயுற்றுக் கிடக்கும்போதும் கைகொடுக்கும் என்று எண்ணிவிடலாகாது. தூதரகம் தொகையையும் திகதியையும் நாடுகளின் பெயரையும் பார்க்கின்றது. நமக்கு நீரிழிவு உண்டா, இருதய நோய் உண்டா என்று அது காப்புறுதியின் பொருட்டு வினவுவதில்லை. அவ்வினாவைக் காப்புறுதி நிறுவனமே எழுப்பும். அதனையும் பெரும்பாலும் பணம் கொடுக்க வேண்டிய வேளையிலேயே ஆழமாக எழுப்பும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அறியாமல் ஒரு பத்திரத்தைத் தெரிவுசெய்தல் இயலாது.

தூதரகம் கேட்பது

ஷெங்கன் உடன்படிக்கைக்கு உட்பட்ட நாடுகள் 2025ஆம் ஆண்டு தொடக்கம் 29 ஆகும். பிரான்ஸ், ஜேர்மனி, இத்தாலி, நோர்வே, சுவிற்சர்லாந்து முதலியன இவற்றுள் அடங்கும். பிரித்தானியாவும் அயர்லாந்தும் அடங்கா. இந்நாடுகளுக்குக் குறுங்கால வீசா கோரும் நம்மவர், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி பெற்றிருத்தல் வேண்டும் என்பது விதி. அது ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் செல்லுபடியாகி, தங்கியிருக்கும் நாள்கள் முழுவதையும் தழுவ வேண்டும். அவசர மருத்துவ உதவி, அவசர வைத்தியசாலைச் சிகிச்சை, நோய் காரணமாகத் தாய்நாட்டுக்குத் திருப்பி அழைத்து வருதல், மரணம் ஆகியவற்றால் எழும் செலவுகளையும் அது ஏற்க வேண்டும்.

இந்த 30,000 யூரோ என்னும் எல்லை 2004ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது அங்ஙனமே நிற்கின்றது. ஐரோப்பிய வைத்தியசாலைகளின் கட்டணங்களோ நிற்கவில்லை. கை முறிந்தாலோ, குடல்வால் அழற்சிக்குச் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தாலோ இத்தொகை பெரும்பாலும் போதும். மாரடைப்பும் பக்கவாதமும் வேறு கதை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு வாரம் கிடந்து, பின்னர் படுத்த படுக்கையாகவே கொழும்புக்குத் திரும்ப வேண்டிய நிலை வந்தால், விமானத்திற் பல இருக்கைகளின் இடத்தை ஒரு தூக்குப்படுக்கைக்காக ஒதுக்க வேண்டும். உடன்வரும் தாதிக்கும் சிலவேளை வைத்தியருக்கும் பிரயாணச்சீட்டு எடுக்க வேண்டும். அச்செலவும் அதே 30,000 யூரோவுக்குள்தான் அடங்க வேண்டும். ஆதலின் தூதரகம் கேட்கும் தொகையை அடிமட்டம் என்று கொள்வதே பொருந்தும். காப்புறுதித் தொகையை இரட்டிப்பாக்கினால் கட்டணமும் இரட்டிப்பாகிவிடும் என்பதில்லை. பெரும்பாலும் சிறிதளவே கூடும். முகவரிடம் இரண்டு தொகைகளுக்கும் விலை கேட்டுப் பார்ப்பதில் நட்டமொன்றுமில்லை.

இன்னுமொன்று. பாரிஸுக்குச் செல்லும் பெற்றோர் இலண்டனிலிருக்கும் தமையன் வீட்டையும் எட்டிப் பார்த்து வருவது வழக்கம். ஷெங்கன் நாடுகளுக்கென்று மாத்திரம் எழுதப்பட்ட பத்திரம் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியதும் வெறும் காகிதமாகிவிடும். செல்லவிருக்கும் நாடுகள் யாவும், விமானம் மாறும் இடங்கள் உட்பட, பத்திரத்தில் அடங்குகின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

பழைய நோய் என்னும் முடிச்சு

நம்முடைய தாய் தந்தையர் பலருக்கு நீரிழிவோ, இரத்த அழுத்தமோ, கொலஸ்திரோலோ, இவற்றுள் இரண்டு மூன்றோ உண்டு. காலையில் மூன்று குளிசை, இரவில் இரண்டு குளிசை என்று ஒழுங்காக எடுத்து நலமாகவே நடமாடுகின்றனர். அவர்களைக் கேட்டால், “எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பிறஷர் மட்டும் கொஞ்சம் இருக்குது” என்பர். அவர்கள் நோக்கில் அது உண்மையே. காப்புறுதிப் பத்திரத்தின் நோக்கில் அது முன்னரே உள்ள நோய். மலிவான பத்திரங்கள் பலவற்றில், முன்னரே உள்ள நோயாலும் அந்நோயிலிருந்து விளைந்த வேறெதனாலும் ஏற்படும் செலவு முற்றாக விலக்கப்பட்டிருக்கும்.

“அந்நோயிலிருந்து விளைந்த” என்னும் சிறு தொடரை வாசகர்கள் ஊன்றி நோக்க வேண்டும். ஒரு தந்தையை எண்ணிக்கொள்வோம். வயது அறுபத்தெட்டு, பத்தாண்டாக நீரிழிவு. ஜெனீவாவில் ஒரு மாலை நெஞ்சு வலித்து வைத்தியசாலையிற் சேர்க்கப்படுகிறார். மாரடைப்பு அவருக்குப் புதியது. முன்னர் ஒருபோதும் வந்ததில்லை. எனினும் நீரிழிவு இருதய நோய்க்கு ஏதுவாகும் காரணங்களுள் ஒன்று என்பது மருத்துவம் அறிந்த செய்தி. இந்த ஒரு கண்ணியைப் பிடித்துக்கொண்டு கோரிக்கையை மறுக்க நிறுவனத்துக்கு இடமுண்டு. அத்தந்தை விண்ணப்பப் படிவத்தில் நீரிழிவைக் குறிப்பிடாமலும் விட்டிருந்தாராயின், நோய்க்கும் மாரடைப்புக்கும் தொடர்பு காட்ட வேண்டிய சிரமங்கூட நிறுவனத்துக்கு இல்லாமற் போகலாம்; பத்திரமே செல்லாது என்று கூறிவிட இடமேற்படும்.

இதன் வேர் மிகப் பழையது. சுமாத்திரா தீவிலே ஆங்கிலேயர் வசமிருந்த மால்பரோக் கோட்டை அந்நியர் கைப்படலாம் என்று அஞ்சி, அதன் ஆளுநர் கார்ட்டர் என்பார் இலண்டனிற் காப்புறுதி எடுத்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்துக்கொண்டனர். கோட்டையின் பலவீனத்தை மறைத்துவிட்டார் என்று கூறிக் காப்புறுதி செய்தவர் பணந்தர மறுக்கவே, வழக்கு நீதிபதி மான்ஸ்பீல்ட் பிரபுவின் முன் வந்தது. காப்புறுதி என்பது நம்பிக்கையின் மேல் எழும் ஒப்பந்தம். தனக்கு மாத்திரம் தெரிந்த செய்தியை ஒருவர் மறைத்துவைத்தால் ஒப்பந்தம் கெடும் என்னும் நெறியை அவர் 1766இல் வகுத்தார். சுவையான செய்தி யாதெனில், அவ்வழக்கில் வென்றவர் கார்ட்டரே. காப்புறுதி செய்தவர் தாமே அறிந்திருக்கக்கூடிய நிலைமையைப் பின்னர் காரணங்காட்டித் தப்பிக்கொள்ள முடியாது என்பது முடிவாயிற்று. பிரித்தானியா 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், சாதாரண குடிமக்கள் கேட்கப்பட்ட வினாக்களுக்குத் தகுந்த கவனத்துடன் உண்மையாக விடையளித்தாற் போதும் என்று இந்நெறியைத் தளர்த்திவிட்டது. நம்மவர் வாங்கும் எல்லாப் பத்திரங்களுக்கும் அத்தளர்வு உண்டென்று நம்பியிருத்தல் தகாது.

ஆகவே படிவத்தை முகவர் நிரப்பினாலும் வீட்டார் படித்துப் பார்த்தே கையொப்பமிட வேண்டும். நல்லெண்ணத்தினாலோ, அலுவலை விரைவில் முடிக்கும் அவாவினாலோ, எல்லா நோய்களுக்கும் எதிரே “இல்லை” என்று குறித்துவிடும் முகவர் உண்டு. கையொப்பம் அவருடையது அன்று, நம்முடையது. பெற்றோரின் குளிசைப் பெயர்களையும் அளவுகளையும், அவர்களைப் பார்க்கும் வைத்தியரின் கடிதத்தையும் முகவர் முன் வைத்து, “இந்த நோய்களுள்ளவருக்கு இப்பத்திரம் யாது தரும், யாது தராது?” என்று கேட்டு, விடையை எழுத்திற் பெறுவது நன்று. சில நிறுவனங்கள் மேலதிகக் கட்டணம் பெற்றுக்கொண்டு பழைய நோயையும் ஏற்கின்றன. வேறு சில, உயிர்காக்கும் அவசர சிகிச்சைக்கு மாத்திரம், அதுவும் ஒரு குறித்த தொகைவரை, பழைய நோய்க்குப் பணந்தருகின்றன. இந்த இரண்டாம் வகையில் அத்தொகை 30,000 யூரோவிலும் எவ்வளவோ குறைவாக இருக்கலாம். முதற்பக்கத்திற் பெரிய எழுத்தில் அச்சிட்ட தொகையை நம்பி ஏமாறலாகாது.

கனடாவுக்கென்று விற்கப்படும் பத்திரங்களில் இன்னொரு நிபந்தனையும் வழக்கமாக உண்டு. பழைய நோய் பிரயாணத்துக்கு முன்னர் 90 நாளோ 180 நாளோ மாற்றமின்றி நிலைத்திருக்க வேண்டும் என்பதே அது. மாற்றம் என்றால் நோய் முற்றுதல் என்றே நாம் பொருள்கொள்வோம். பத்திரத்தின் அகராதி வேறு. குளிசையின் அளவைக் கூட்டினாலும் மாற்றம்; குறைத்தாலும் பல பத்திரங்களில் மாற்றமே; புதிய பரிசோதனைக்கு அனுப்பப்பட்டு முடிவுக்காகக் காத்திருத்தலும் மாற்றமாகலாம். புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன், “எதற்கும் ஒருக்கால் காட்டிவிட்டுப் போவோம்” என்று வைத்தியரிடம் செல்லும் தாயாருக்கு, அவர் இரத்த அழுத்தக் குளிசையை ஐந்து மில்லிகிராமிலிருந்து பத்தாக உயர்த்திவிட்டால், அத்தாயார் அறியாமலே அவருடைய காப்புறுதி அந்நோயைப் பொறுத்தவரை கைநழுவிப் போகின்றது. வைத்தியரைப் பார்க்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. முன்கூட்டியே பார்த்து, மருந்து மாறியிருந்தால் நிறுவனத்துக்கு அறிவித்து, அவர்கள் விடையைப் பெற்ற பின்னரே புறப்பட வேண்டும் என்கிறோம்.

இலண்டனும் தொறன்ரோவும்

பிரித்தானியாவில் வைத்தியம் இலவசம் என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழப் பதிந்துள்ளது. அங்கு வதிவோருக்கு அது பொருந்தும். உறவினரைப் பார்க்கச் செல்லும் விருந்தினருக்கோ, இங்கிலாந்தில், அவசரப் பிரிவிற் கொடுக்கும் முதலுதவி இலவசம். வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட கணத்திலிருந்து கட்டணம் தொடங்குகின்றது. அது தேசிய சுகாதார சேவையின் வழமையான விலையில் 150 சதவீதமாகும். 500 பவுணுக்கு மேற்பட்ட கடனைச் செலுத்தாது திரும்பிவிட்டால், அச்செய்தி அந்நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்துக்குச் செல்லும். அடுத்த முறை வீசா கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும். பேரப்பிள்ளையின் அடுத்த பிறந்தநாளுக்குச் செல்லும் வாய்ப்பே இதனாற் பறிபோகலாம். பிரித்தானிய வீசாவுக்குக் காப்புறுதி கட்டாயமன்று என்பதனால் எடாமற் செல்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கனடாவில் வதியும் பிள்ளைகள் பெற்றோரை அழைக்கும் “சுப்பர் வீசா” 2011 டிசெம்பரில் ஆரம்பமானது. அதற்கு ஓராண்டுக்குச் செல்லுபடியாகும், குறைந்தது 100,000 கனடிய டொலர் பெறுமதியான மருத்துவக் காப்புறுதி வேண்டும். முன்னர் கனடிய நிறுவனங்களிடமே அதனை வாங்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரி தொடக்கம், கனடிய அதிகாரிகளின் அனுமதி பெற்ற பிறநாட்டு நிறுவனங்களிடமும் வாங்கலாம். பெற்றோர் இடையிலே ஊருக்குத் திரும்பிவிட்டால் எஞ்சிய மாதங்களுக்குரிய பணம் மீளுமா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும். கோரிக்கை எதுவும் எழாதவிடத்துப் பல நிறுவனங்கள் அதனை மீளத் தருகின்றன.

பலாலியிலிருந்து சென்னைக்குப் பறப்போரைப் பற்றியும் ஒரு சொல். அங்கே எவரும் காப்புறுதி கேட்பதில்லை. ஆகவே எவரும் எடுப்பதுமில்லை. கோயில் தரிசனத்துக்கென்று சென்ற முதியவர் படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், தனியார் வைத்தியசாலை முற்பணம் கேட்பது அங்கும் வழமையே.

எரிமலையும் தொற்றுநோயும்

பிரயாணக் காப்புறுதி பிறந்த காலத்தில் அது விபத்துக்கு மாத்திரமே உரியதாயிருந்தது. இங்கிலாந்தில் 1849இல் தோன்றிய ஒரு கம்பனி, புகையிரதப் பிரயாணிகளுக்கு நிலையத்திலேயே சில பென்ஸ் விலைக்குக் காப்புறுதிச் சீட்டு விற்றது. அமெரிக்காவில் ஹார்ட்பர்ட் நகரத்து பற்றர்சன் என்பார் 1864இல் இத்தொழிலைத் தொடங்கியபோது, தபாற்கந்தோரிலிருந்து வீடுவரை நடந்து செல்லும் ஒருவருக்கு இரண்டு சதத்துக்குக் காப்புறுதி செய்து கொடுத்தார் என்று ஒரு கதை வழங்குகின்றது. இக்காலத்துப் பத்திரமோ நோய், களவு, விமானத் தாமதம், பிரயாணம் நின்றுபோதல் என்று பலவற்றைத் தன்னுள் அடக்கியுள்ளது. அடக்கியிருப்பதாகத் தோன்றுவதும் உண்டு.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை வெடித்தது. அதன் பெயரை உச்சரிக்க நாம் துணியவில்லை. சாம்பல் வானெங்கும் பரவியமையால் ஐரோப்பிய வான்வெளி பல நாள்கள் மூடப்பட்டு, ஏறத்தாழ ஒரு இலட்சம் விமானப் பயணங்கள் நின்றன. ஒரு கோடி வரையான பிரயாணிகள் அல்லலுற்றனர். சீரற்ற காலநிலைக்குப் பணந்தருவோம் என்று எழுதியிருந்த சில நிறுவனங்கள், எரிமலைச் சாம்பல் காலநிலையா என்று ஆராயப் புகுந்தன. 2020இல் கொரோனாத் தொற்றுப் பரவியபோது பலர் தத்தம் பத்திரத்தை முதன்முறையாக விரித்துப் படித்தனர். பெருந்தொற்று நோய்கள் பலவற்றில் விலக்கப்பட்டிருந்தன.

ஊரறிந்த பின்னர் வாங்கும் காப்புறுதி அந்நிகழ்ச்சிக்கு உதவாது. புயல் எச்சரிக்கை வெளிவந்த பின்னரோ, வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்ட பின்னரோ எடுத்த பத்திரம் அப்புயலுக்கும் அவ்வேலைநிறுத்தத்துக்கும் பணந்தராது. அரசின் பிரயாண அறிவுரையும் இவ்வாறே கணக்கிலெடுக்கப்படும். 2019 ஏப்ரல் 21ஆந் திகதிக் குண்டுவெடிப்புகளின் பின், இலங்கைக்கு அத்தியாவசியப் பிரயாணம் தவிர ஏனையவற்றைத் தவிர்க்குமாறு பிரித்தானிய அரசு கூறி, ஜூனில் அதனைத் தளர்த்தியது. அவ்விடைக்காலத்தில் அறிவுரையை மீறி ஊருக்கு வந்த இலண்டன் உறவினர் பலரின் காப்புறுதி செல்லாததாகியிருக்கும். பிரயாணம் நின்றுபோனாற் கிடைக்கும் பணத்தைப் பொறுத்தவரை, பத்திரத்தை வாங்கிய நாளிலிருந்தே அப்பாதுகாப்புத் தொடங்குகின்றது. ஆகவே விமானச்சீட்டு வாங்கிய கையோடு காப்புறுதியையும் வாங்கிவிடுதல் இலாபகரமானது. வீசா மறுக்கப்பட்டால் கட்டணம் மீளக் கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்டறியலாம்.

நகைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கலியாண வீட்டுக்குச் செல்லும் நம் பெண்மணிகள் தாலிக்கொடி முதல் அட்டியல் வரை கொண்டுசெல்கின்றனர். பத்திரங்கள் பெரும்பாலும் நகையையும் பணத்தையும் விலக்குகின்றன. அல்லது ஒரு பொருளுக்கு இவ்வளவு என்று மிகச் சிறிய எல்லை வகுக்கின்றன. பெட்டியிலிட்டு விமானத்தில் ஏற்றிய நகைக்குப் பெரும்பாலும் எவரும் பொறுப்பேற்க முன்வருவதில்லை. பெட்டி காணாமற்போனால், விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் முறைப்பாட்டுப் படிவம் நிரப்பி அதன் பிரதியைப் பெறுதல் வேண்டும். மொன்றியல் சாசனப்படி, சேதமடைந்த பெட்டிக்கு ஏழு நாளுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்த பெட்டிக்கு 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். 2024 டிசெம்பர் 28 தொடக்கம், அச்சாசனத்தின் கீழ் விமானக் கம்பனி ஒரு பிரயாணிக்குக் கொடுக்கும் உச்சத்தொகை சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கலகில் 1,519 ஆகும். ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர்.

எஞ்சியவை

வயதெல்லையை முதலிலேயே கேட்க வேண்டும். எழுபது, எழுபத்தைந்து, எண்பது என்று நிறுவனத்துக்கு நிறுவனம் அது வேறுபடும். எல்லையை அண்மித்தவருக்குக் கட்டணம் பன்மடங்காகும். ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் 50 அல்லது 100 டொலரை நாமே ஏற்க வேண்டும் என்னும் நிபந்தனை பெரும்பாலும் உண்டு. இத்தொகை அதிகமாகுந்தோறும் பத்திரம் மலிவாகும். சுவிற்சர்லாந்திற் பனிச்சறுக்க விரும்பும் இளைஞர் அவ்விளையாட்டு விலக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். மலைமீட்பு ஹெலிகொப்டரின் செலவு விளையாட்டுக்குரிய தொகையன்று.

நோயுற்றவர் வைத்தியசாலையை அடைந்ததும், சிகிச்சை அவசரமாக இல்லாதவிடத்து அனுமதிக்கப்படுமுன்னரே, பத்திரத்திலுள்ள இருபத்துநாலு மணிநேரத் தொலைபேசி இலக்கத்தை அழைத்தல் வேண்டும். அவசரமாயின் இயன்றவரை விரைவில் அழைக்கலாம். அறிவியாமற் செலவழித்த பணத்தைச் சில நிறுவனங்கள் குறைத்தே தருகின்றன. நிறுவனமே வைத்தியசாலைக்கு நேரிற் பணஞ் செலுத்துமா, நாம் செலுத்திவிட்டுப் பின்னர் பெற வேண்டுமா என்பதை ஊரிலேயே கேட்டறிந்திருத்தல் அவசியம். பத்தாயிரம் யூரோவை முன்னதாகச் செலுத்தக்கூடிய பிள்ளைகள் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அவ்விலக்கமும் பத்திரத்தின் பிரதியும் தந்தையின் கைப்பையில் மாத்திரம் இருந்தாற் பயனில்லை. அவர் மயங்கிக் கிடக்கும்போது அதனைத் தேட வேண்டியவர் மகனோ மருமகளோதான்; அவர்களிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் அத்துடன் முடிந்துவிட்டது என்று சோர்ந்திருத்தல் வேண்டா. முதலில் நிறுவனத்தின் மேலதிகாரிக்கு எழுத்தில் முறையிட வேண்டும். அங்கும் பயனில்லையாயின், இலங்கையிற் பெற்ற பத்திரங்களுக்குக் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியும், 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் உளர். குறைகேள் அதிகாரியிடம் முறையிடக் கட்டணமில்லை. நிறுவனம் மறுத்தமைக்கான காரணத்தைக் கூறும் கடிதமே அங்கு முதலிற் கேட்கப்படும் ஆவணம். ஆதலின் மறுப்பைத் தொலைபேசியிற் கேட்டுவிட்டு விடாமல், எழுத்தில் தருமாறு வற்புறுத்திப் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும்.